ஏழு மணி நேரப் பயணம்

மாமனாருக்கு எதைச் சொன்னாலும் புரியும், அந்த ஏழு மணி நேரக் கணக்கைத் தவிர.

மாமியார் இறந்த அன்று அவர் தன் கைப்பேசியில் தங்கள் ஊர், மகள் ஊர் இரண்டின் விமான நிலையப் பெயரையும் போட்டுத் தேடினார். தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் ஏழு மணி நேரம் என்று வந்தது. வெளிநாட்டிலிருந்த மகளோ மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார்.

"ஏழு மணி நேரம்தானே. மனசிருந்தா வந்திருப்பா."

மருமகளுக்கு விமான டிக்கெட் போடுவதே தொழில். "மாமா, அது வெறும் தூரக் கணக்கு. நேரா போற விமானமே கிடையாது. நடுவுல இறங்கி மாறணும், காத்திருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

இப்போது மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டார். "பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பார்க்க மாட்டேன்னு சொன்னேனா?" என்றார். மகன், லீவு கிடைக்காது என்று நைசாகக் கழன்றுகொண்டான். பொறுப்பு மருமகள் தலையில் விழுந்தது.

வரிசையில் நின்று, செருப்பையும் பெல்ட்டையும் கழற்றி, மறுபடி மாட்டி விமானத்தில் ஏறினார்கள். மாற வேண்டிய இடத்தில் இறங்கினால், அடுத்த விமானம் ரத்து. எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, ஏழு மணி நேரம் எப்பவோ தாண்டிடுச்சே?"

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உட்கார நாற்காலி இல்லை. அவர் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டார். எதிரே ஒருத்தி, அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் அவளையே பார்த்தார்.

"அன்னைக்கு அவ தனியாவா வந்தா?"

"கைக்குழந்தையோட வந்தா மாமா. இதே மாதிரி விமானம் ரத்தாகி, இப்படித்தான் எங்கேயோ தரையில கிடந்தா."

"யாரும் என்கிட்ட சொல்லலையே."

அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் பொங்கி வந்தது. "நான் சொன்னேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா? நான் சொல்லச் சொல்ல நீங்க போனைப் பார்த்துட்டு ஏழு மணி நேரம், ஏழு மணி நேரம்னு ஜபம் பண்ணிட்டிருந்தீங்க. அவ போன்ல அழுததைக் கேட்டது நான். உங்ககிட்ட கொடுத்தா வாங்கினீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டார். பிறகு விமானம் ஏறியபோதும், இறங்கி டாக்ஸியில் போனபோதும் பேசவில்லை. அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கு உறுத்தியது. ஆனால் வருத்தப்படக்கூடத் தெம்பில்லை.

மகள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டிகளையும் மருமகளே இழுத்துக்கொண்டு ஏறினாள். மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி கதவைத் திறந்தாள். அப்பாவைக் கண்டதும் கதவிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"ரொம்பத் தூரம்மா" என்றார் அவர். "ரொம்பத் தூரத்துல இருக்கே நீ."

"ஆமாம்பா" என்றாள் மகள். அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இரண்டு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மருமகளுக்குக் கை விட்டுப்போயிருந்தது.

"கொஞ்சம் உள்ளே போய் அழுங்க மாமா. பெட்டியை வைக்கணும்."