இருக்கச் சொன்ன வீடு

ஸி லக்தரின் நாய்க்குட்டி சொன்ன இடத்தில் இருக்கக் கற்றுக்கொண்ட வாரத்தில், அவருடைய மைத்துனர் ஹமூத் சோபாவில் உட்கார்ந்தார்; பிறகு ஒன்றரை வருஷம் எழுந்திருக்கவில்லை. ஸ்கிக்தா துறைமுகத்தில் அதே வாரம் மத்தி மீன் விலை இறங்கியிருந்ததால், ஊர் இந்தச் செய்தியை இரண்டாவதாகத்தான் பேசியது.

குட்டி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருஷம் மற்றவர்களுடைய பெட்டிகளை நிறுத்தி வைத்து ஓய்வுபெற்றவர் ஸி லக்தர். மூத்த மகன் மாண்ட்ரியாலுக்குப் போனான். இளையவன் லியோனுக்குக் கிளம்பும்போது, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்குப் பெட்டிகள் வருவது எங்கள் ஊரில் சாதாரணம். மூச்சுவிட ஓட்டை போட்ட பெட்டி வந்தது அதுதான் முதல் தடவை. கறுப்பும் தேன் நிறமுமாக ஒரு உருண்டை, அண்ணன்காரனுடையதை மாட்டிக்கொண்டு வந்ததுபோல பெரிய பாதங்கள், இரண்டு பக்கமும் மடிந்து தொங்கும் காதுகள். ஓநாய் என்று பொருள்பட தீப் என்று பெயர் வைத்தார். அந்த ஓநாய் முதல் வாரம் முழுக்கத் துடைப்பத்தைப் பார்த்துப் பயந்து அழுதது. அவர் மனைவி ஸுலீக்கா, தொழுகைப் பாய்க்கும் அதற்கும் நடுவே இரண்டு கதவு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, பால்கனியையும் நடைவழியையும் அதற்கு ஒதுக்கினாள்.

எங்கள் ஊரில் நாயிடம் பிரெஞ்சில்தான் பேசுவார்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நாய்களுக்கு மட்டும் இன்னும் சுதந்திரம் வரவில்லை. ஆடு கோழியை வீட்டு அரபியில் திட்டுகிற மனிதர்களே நாயைக் கண்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்நிய மொழிக்கு மாறுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கசாப்புக்கடைக்காரரைத் தவிர. நாயைத் தானே வீட்டில் பழக்கப்போவதாக ஸி லக்தர் அவரிடம் சொன்னபோது, அவர் ஈரலை நறுக்குவதை நிறுத்திவிட்டு, “தனித் தட்டு வைக்கிற மாதிரி நாய்க்குத் தனி மொழியும் வைக்கணும், ஸி லக்தர். ஒரே தட்டுல எல்லாரும் சாப்பிட்டா, அப்புறம் யாருக்குச் சொன்னது யாருக்குச் சேரும்னு தெரியாது” என்றார். ஸி லக்தர் நெஞ்சை நிமிர்த்தினார். “அவங்கள வெளியேத்த எங்கப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். திரும்ப அவங்க மொழியக் கொண்டாந்து பால்கனில கட்டிப் போடறதுக்கா?” கடையில் நின்றவர்கள் கைதட்டினோம். கைதட்டுவதற்கு நாங்கள் எப்போதும் தயார்.

ஆகவே தீப் வீட்டு அரபியில் வளர்ந்தது. விடிந்ததும் தூக்கம் கலைந்ததும், சாப்பிட்டதும் விளையாடியதும், மூன்று மாடி இறங்கி அதைத் தெருவுக்குக் கொண்டு போக வேண்டும். கட்டடத்தின் லிஃப்ட் சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து தரைத்தளத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்ததால், முழங்காலைத் தடவித் தடவி அவரேதான் இறங்கினார். பால்பல் அரிப்பில் குட்டி செருப்பைத் தின்றது, நாற்காலிக் காலைத் தின்றது, இளைய மகன் விட்டுப்போன கால்பந்துச் சட்டையில் முதுகு எண்ணை மட்டும் தின்றது. கையைக் கடித்தால் அடிக்கக் கூடாது, ‘ஆ’ என்று முனகிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ கேட்டு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வதை நாயில்லாமலே முப்பது வருஷமாகச் செய்துவரும் மனிதர் இவர் என்றாள் ஸுலீக்கா.

காஷிர் என்கிற சிவப்புத் தொத்திறைச்சிதான் பாடப்புத்தகம். ஒரு துண்டை மூக்குக்கு மேலே காட்டிப் பின்னால் நகர்த்தினால் தலை மேலே போகும், தலை போனால் பின்புறம் தானாகத் தரைக்கு வரும். வந்த கணத்தில் துண்டு வாய்க்குள். உட்காருவது அப்படி வந்தது. அடுத்த பாடம், இருப்பது. உள்ளங்கையைக் காட்டி “இங்கயே இரு” என்று சொல்லி ஓர் அடி பின்னால் போய்த் திரும்பி வந்து துண்டைக் கொடுத்தார். பிறகு சமையலறை வரை போய் வந்தார், பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். குட்டி கல்வெட்டு மாதிரி இருந்தது. ஆனால் இருக்கச் சொன்னால், போதும், எழுந்து போ என்றும் ஒரு சொல் பழக்க வேண்டும். நாய் பழக்குகிற எல்லாருக்கும் இது தெரியும். ஸி லக்தருக்கு அது தோன்றவே இல்லை. சுங்கத்தில் நிறுத்துவது அவருடைய மேஜை. விடுவிப்பது அடுத்த மேஜைக்காரர் வேலை. பாடம் முடிந்ததும் குட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடம் மாற்றிவிடுவார், பெட்டியை மாற்றுவதுபோல.

அந்த வாரம்தான் ஹமூத் வந்தார். கிளம்பப்போனவரிடம் ஸி லக்தர் மரியாதைக்கு, இங்கயே இரு, காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். நடைவழியிலிருந்து தீப் பார்த்துக்கொண்டிருந்தது. காபி தீர்ந்தது, ஹமூத் எழவில்லை. குட்டியைத் தூக்கிவிடலாம், ஹமூத் பெரிய உடம்பு. மீன்பிடிப் படகிலிருந்து ஆட்கள் வந்து, கயிறு கட்டிப் பார்த்து, வியர்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஹமூத் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தொலைக்காட்சி எதிரிலேயே இருந்தது, அக்காவின் சமையல் நன்றாக இருந்தது. அவர் மனைவி மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து துவைத்த சட்டை போட்டுவிட்டு, சோபாவின் மறுமுனையில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போவாள். அடுத்து, குளிருக்கு இதமாக நடைவழித் தரையில் விழுந்த வெயில் சதுரத்தைப் பார்த்து ஸி லக்தர் விளையாட்டாக அதையே சொன்னார், அதுவும் இருந்துவிட்டது. ராத்திரியில்கூட அந்த ஓடு கதகதப்பாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் மாடியில் எல்லாரும் நாக்கைக் கட்டினார்கள். யாரையாவது கொஞ்சம் இருக்கச் சொல்ல வேண்டியிருந்தால் பிரெஞ்சில் சொன்னார்கள். தற்காலிக உடன்படிக்கை என்று ஸி லக்தர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் மீதியிருந்த ஒரே பிள்ளை நர்ஜிஸ். அரசு மருத்துவமனையில் நர்ஸ். நாந்த் என்ற பிரெஞ்சு நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. மார்செய்க்குக் கப்பல் கிளம்பும் காலையில் பெட்டியுடன் வாசல்படிக்கு வந்தாள். அப்போது தீப்பின் வலது காது நிமிர்ந்துவிட்டது, இடது காது இன்னும் மடிந்திருந்தது. அந்த வயதில் அந்த ஜாதிக்கு அப்படித்தான். குட்டி ஓடிவந்து வாசலில் அவள் காலருகே நின்றது. ஸி லக்தர் அதைப் பிரெஞ்சில் நிறுத்தியிருக்கலாம். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவர் உள்ளங்கையைக் காட்டி, வீட்டு அரபியில், “இங்கயே இரு” என்றார்.

நாய்க்குத்தான் சொன்னேன் என்று அவர் சத்தியம் செய்தார். நாய்க்கும் சொன்னார் என்பதை யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் அன்றோடு தீப் வளர்வதும் நின்றது. நர்ஜிஸின் கால் வாசல்படிக்கு மேலே வரும், தாண்டாது. பெட்டி தாண்டியது, கைப்பை தாண்டியது, அவள் தாண்டவில்லை. கப்பல் ஊதியது கேட்டது.

அவள் கத்தவில்லை. முதல் மாதம் தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, கால் தூக்கிப் பார்த்து, செருப்பைக் கழற்றினாள். பால்கனி வழியாகக் கயிற்றில் இறங்கப் பார்த்தாள். கம்பிக்கு அப்பால் உடம்பு போகவில்லை. பிறகு ஊசி போட வேண்டியவர்கள் மாடியேறி வர ஆரம்பித்தார்கள். அவர்கள் படிக்கட்டுப் பக்கம் நின்று சட்டைக்கையை மடித்துக் கையை உள்ளே நீட்டுவார்கள், அவள் கதவு நிலைக்கு இந்தப் பக்கம் நின்று போடுவாள். முதல் மாடிக் கிழவர் ஒருவருக்கு ஊசி வேறிடத்தில் போட வேண்டியிருந்தது. அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்ற கோலத்தைப் பற்றி நாங்கள் நெடுநாள் பேசினோம். நர்ஜிஸ் சிரிக்கவில்லை. அவள் முகம், ஜன்னல் சாத்தியே கிடக்கும் அறைபோல மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் ஆள் குறையாமல் இருந்ததில் ஸி லக்தர் ஒரு சுற்றுப் பருத்தார். அதற்காக அவரைத் திட்டலாம்தான்; நாங்கள் எல்லாருமே அந்த வருஷம் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தோம் என்பதையும் சேர்த்துத் திட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகள் போனில் இருந்தார்கள். அவர் பிள்ளை ரொட்டி பிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஒருநாள் சூப்பைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்தவர், மகள் கரண்டியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். தீப்பும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எழுந்திரு, கிளம்பு, ஓடு, தொலை, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஸுலீக்கா சொல்லிப் பார்த்தாள். இருக்கச் சொன்னவர்தான் விட வேண்டும் என்பதால் தீப் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் நர்ஜிஸ்தான் கண்டுபிடித்தாள். குட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து அதன் மடிந்த காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “பாபா, உக்காந்ததுக்குக் காஷிர் குடுத்தீங்க. இருந்ததுக்குக் குடுத்தீங்க. இந்த வீட்ல எந்திரிச்சுப் போனதுக்கு யாருக்காவது ஒரு துண்டு குடுத்திருக்கீங்களா?”

மகன்கள் இருவரும் கிளம்பிய காலைகளில் அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டவர். ஸுலீக்காதான் வழக்கப்படி ஒரு செம்புத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பின்னால் படியில் ஊற்றினாள், போனவர்கள் திரும்பி வர வேண்டும் என்று. படி வழுக்குகிறது என்று தரைத்தளத்து முடிதிருத்துபவர் சண்டைக்கு வந்தார். தண்ணீர் காய்ந்தது. மகன்கள் இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து பாடம் புதிதாக ஆரம்பித்தது. தீப்பை வாசலில் உட்கார வைத்து, “போ” என்று சந்தோஷமாகச் சொல்லி, காஷிர் துண்டைப் படியில் எறிய வேண்டும். எறிந்தார். தீப் துண்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தது. நர்ஜிஸ், “சிரிச்ச மாதிரி சொல்லாதீங்க பாபா. சிரிச்சுட்டு சொல்லுங்க” என்றாள். முப்பது வருஷம் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தே கள்ள அடித்தட்டைக் கண்டுபிடித்தவர் அவர். இப்போது ஒரு நாய் அவர் குரலைத் தட்டிப் பார்த்து, அடியில் வெற்றிடம் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது. குளிர்காலம் போனது, ஸ்ட்ராபெரி காலம் வந்தது. படிக்கட்டில் கிடந்த காஷிரால் கட்டடத்துப் பூனைகள் கொழுத்தன.

இந்தக் கப்பலில் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று நாந்திலிருந்து போன் வந்தது. அந்தக் காலையில் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்: பெட்டியோடு நர்ஜிஸ், அவள் காலடியில் தீப், பின்னால் செம்பில் தண்ணீரோடு ஸுலீக்கா, கூடத்தில் சத்தத்தைக் குறைத்த தொலைக்காட்சிக்கு எதிரே ஹமூத். ஸி லக்தர் பழைய சுங்க ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். துறைமுகம் வரை போய் ஒரு பிள்ளையையாவது வழியனுப்புவது என்று முடிவு. “போ” என்றார். தீப் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அவரைத் தாண்டி ஸுலீக்காவின் கையில் இருந்த செம்பைப் பார்த்தது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

பார்த்தவர் செம்பை வாங்கினார். அண்ணாந்து, முழுத் தண்ணீரையும் தானே குடித்தார். பாதி கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போனது. செம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

“படி காஞ்சுதான் இருக்கு. வழுக்காது. போ.”

தீப்பின் இடது காது நிமிர்ந்தது. துண்டுக்குக்கூடக் காத்திராமல் அது படியில் பாய்ந்தது. நர்ஜிஸின் கால் நிலையைத் தாண்டி அந்தப் பக்கம் பதிந்தது. நடைவழியில் வெயில் சதுரம் ஓர் ஓடு தள்ளிப் போய்விட்டு, நேரமானது தெரிந்தாற்போல சுவரில் ஏறியது. கூடத்தில் ஹமூத் எழுந்து நின்று, ஆட்டம் முடிய இன்னும் கால் மணிநேரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் விருப்பத்தின் பேரில் மறுபடி உட்கார்ந்தார்.

நர்ஜிஸ் சிரித்தாள், அழுதாள், அம்மாவை அணைத்தாள், படியில் இறங்க ஆரம்பித்தாள். பின்னாலேயே ஷூ சத்தம் கேட்டதும், திருப்பத்தில் நின்று, ஒன்றரை வருஷமாகக் கட்டி வைத்திருந்த நாக்கு அவிழ்ந்த சந்தோஷத்தில், எந்த மகளும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்: “நீங்க இங்கயே இருங்க பாபா. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு இறங்க வேணாம்.” அவளுக்கு இரண்டு படி கீழே நின்று, இரண்டு காதும் விறைத்து நிற்க, தீப் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாலிஷ் போட்ட ஷூ வாசல்படியில் நின்றுவிட்டது. அவர் ஒருமுறை தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. அதற்குள் நர்ஜிஸ் இறங்கிப் போயிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஸுலீக்கா கூப்பிட வாயெடுத்தாள். அவர் உள்ளங்கையைக் காட்டினார். கப்பல் ஊதும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.

பிறகு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீப் விட்டுப்போன வளர்ச்சியை ஒரு வாரத்தில் வளர்ந்து முடித்தது. அந்த வாரம் கசாப்புக்கடையில் எலும்பு கிடைக்கவில்லை. ஹமூத் வீட்டுக்குப் போய், அங்கே சோபா சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸி லக்தருக்கு ஸுலீக்கா வாசலிலேயே நாற்காலி போட்டாள். குளிருக்குக் கம்பளி அங்கியும் கொடுத்தாள். கட்டடத்தார் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், கேஸ் சிலிண்டர்காரன் அவரிடம்தான் கணக்குச் சொல்கிறான். சுங்கத்தில் இருந்ததைவிட இப்போது அவர் பயனுள்ள மனிதர் என்று அபிப்பிராயம். நாந்துக்கு யாரும் செய்தி சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. சொன்னால் அடுத்த கப்பலில் அவள் வந்துவிடுவாள். நாங்களும் சொல்லவில்லை, இந்த ஊர் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்து, என்ன பண்றீங்க பாபா என்று கேட்பாள்.

“வாசல்ல இருக்கேன். காத்து நல்லா வருது. அங்க மழையா?”

அவர் பேசி முடிக்கும்வரை தீப் கீழ்ப்படியில் காத்திருக்கும். தானே தெருவுக்கு இறங்கிப் போய், தானே திரும்பி வருகிற நாய் அது. பேச்சு முடிந்ததும் மேலே ஏறி வந்து, தனக்குக் கிடைத்த காஷிரில் ஒரு துண்டை, அவர் நன்றாக இருந்ததற்காக, அந்த ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும்.