பாதிப் பாலமும் ஊர் போட்ட பெஞ்சுகளும்

இன்னும் கட்டாத பாலத்தின் மேல் நடந்துபோய், அக்கரையில் இருக்கும் அக்காவிடம் மூட்டுவலித் தைலம் வாங்கிவந்த முதல் ஆள் எங்கள் தெரு இஸ்திரிக்காரிதான். பாலம் கட்டுவதற்கு முன் மக்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று, நகராட்சி இரண்டு கரை வார்டு அலுவலகத்திலும் தலா ஒரு மெய்நிகர் கண்ணாடி வைத்திருந்தது. நாங்கள் அதை மூஞ்சிப்பெட்டி என்போம். மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வரப்போகிற பாலம் கண்முன் நிற்கும். கையில் இருக்கும் பிடியை அழுத்தினால் அதில் நடக்கலாம். பிடித்த இடத்தில் ஆளுக்கு ஒரு பெஞ்சு போடலாம். மரத்தையும் விளக்கையும் தொட அனுமதியில்லை. விட்டால் அடிதடி ஆகிவிடும் என்று, அதைப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி இன்ஜினியருக்குப் பயம். தங்கை இந்தப் பக்கமும் அக்கா அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு, நடுப்பாலத்தில் நின்று ஊர்க்கதை பேசினார்கள். தைலப் புட்டி கைமாறியதைப் பார்த்த இன்ஜினியர், "நல்ல தைலமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு நிதி இல்லை என்று சொல்லி, நகராட்சித் தலைவர் வரைபடத்தில் பாலத்தைப் பாதியில் வெட்டி, ஆற்றை வேடிக்கை பார்க்கும் மேடையாக மாற்றினார். பெட்டிக்குள்ளும் பாலம் பாதியில் நின்றது. அந்த மாதம் பெய்த மழையில் பஸ் போகிற சாலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, படகும் ஓடவில்லை. அக்கா படுத்த படுக்கையானாள். "மூச்சு வாங்குதுடி. ஒரு தடவ உன் மூஞ்சியப் பாத்துட்டா போதும்," என்று ஒருநாள் காலையில் போனில் சொன்னாள். மூஞ்சிப்பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக அன்று சாயங்காலம் வண்டி வருவதாக இருந்தது.

இஸ்திரிக்காரி சூடு ஆறாத இஸ்திரிப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வார்டு அலுவலகத்துக்கு ஓடினாள். "பாதிப் பாலத்த வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? எங்கக்கா அங்க தனியாக் கெடக்கா," என்று அழுதாள். பாவம், இன்ஜினியர் என்ன செய்வார்! "பாலத்த நீட்ட எனக்கு அதிகாரமில்லம்மா. பெஞ்சு மட்டும்தான் போட முடியும்," என்றார்.

"அப்பப் பெஞ்சையே போடுவோம்! ஆளுக்கொண்ணு உண்டுல்ல?" என்றார் அவள் பின்னாலேயே ஓடிவந்த எங்கள் தெரு முடிதிருத்துகிறவர். எதிலும் முந்திக்கொள்வதால் அவரை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவோம். முதல் பெஞ்சை மேடை முடிகிற இடத்தில், ஆற்றுக்கு மேலே போட்டார். அது விழவில்லை. தண்ணீரில் விழவேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் பெஞ்சுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேதி பரவி, தெரு திரண்டு வரிசையில் நின்றது. பால்காரர் போட்டார், டியூஷன் டீச்சர் போட்டார். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு ஓரகத்திகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே அடுத்தடுத்துப் போட்டார்கள். பாலத்தை வெட்டிய தலைவர்கூட வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒன்று போட்டுவிட்டுப் போனார். எல்லோரும் போட்டு முடித்தபோது அக்கரையைத் தொட ஒரே ஒரு பெஞ்சு குறைந்தது. இன்ஜினியர் தொண்டையைச் செருமி, "நானும் இந்த ஊர்லதான குடியிருக்கேன்," என்று கடைசிப் பெஞ்சைப் போட்டார்.

நாலு பேர் உட்காருகிற இடத்தில் செருப்புக் காலை வைக்கலாமா என்று இஸ்திரிக்காரி செருப்பைக் கழற்றி வைத்தாள். பெட்டியை மாட்டிக்கொண்டு நடந்தாள். பாதி ஆறு தாண்டியிருப்பாள், நாற்காலி காலியானது. விழப்போன பெட்டியை அவசரக்குடுக்கை பிடித்துக்கொண்டார். மேஜைமேல் அவள் வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. எடுத்தால் அக்கா. "வந்துட்டா. என் தலைய மடியில வெச்சுக்கிட்டு ஓன்னு அழறா, பைத்தியக்காரி. நான் என்ன செத்தா போயிட்டேன்? அவ வந்ததும்தான் எனக்கு மூச்சே சீரா வருது," என்றாள். எங்களுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் வண்டிக்காரர் வந்து மூஞ்சிப்பெட்டியைக் கேட்டார்.

"உள்ள ஆள் இருக்காங்க. அப்புறமா வாங்க," என்றார் இன்ஜினியர்.

வண்டிக்காரர் காலி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். சரியென்று தலையாட்டிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.