இருபத்தொன்றாம் பக்கத்து முத்திரை

ஃபோர்ட் போர்ட்டல் நகர நூலகத்துக்குப் புதுக் கதைப் புத்தகங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் சொல்லிவைத்தாற்போல் மழைக்காலத்தில். இந்த வருஷம் பெட்டியின் அடிப்பக்கம் நனைந்து இற்றுப்போயிருந்தது. கபஹெண்டா ஒவ்வொன்றாக எடுத்து முத்திரை குத்தினாள். முதல் பக்கத்தில் ஒன்று, இருபத்தொன்றாம் பக்கத்தில் ஒன்று. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் புண்ணியவான்களுக்காக அந்த இரண்டாவது.

பதினாலாவது புத்தகத்தில் அவள் கை நின்றது. அட்டையில் மகளின் பெயர், நியகாய்சிகி.

ஏழு வருஷமாகப் பேச்சில்லை. கல்யாணமாகாத பெண் வயிற்றில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றபோது, "நியகாய்சிகி, இங்க உனக்கு இடமில்ல" என்றாள் கபஹெண்டா. இந்த ஊர் டோரோ ஜனங்களிடையே ஒருவரை இப்படி வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவது கதவைச் சாத்துவதைவிடக் கொடுமை. எந்தப் பிள்ளை பிறந்தாலும் சில நாளில் வீட்டார் கூடி உட்கார்ந்து ஒரு செல்லப்பேர் வைப்பார்கள். பிறகு மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நலம் விசாரிக்க வேண்டும். மகளுக்கு 'அகீகி' என்று வைத்தவள் கபஹெண்டாதான். அன்று அவளே அதைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை, மகள் கம்பாலாவுக்குப் போய்விட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். இவள் தேடிப் போகவில்லை. வறட்டுப் பிடிவாதம், வேறென்ன.

"என்ன அட்யேரி, குத்தாம உக்காந்துட்டீங்க? மை தீந்துபோச்சா?" எதிரே தவணைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த துசீமே கேட்டான். அட்யேரி அவளுடைய செல்லப்பேர், அராலி அவனுடையது.

"உன் வேலையப் பாரு, அராலி. நீ ஒட்டுனதுல பாதி தலைகீழா இருக்கு."

"தலைகீழா ஒட்டுனாத்தான் எடுத்துட்டுப் போறவன் தேதிய ரெண்டு தரம் பாப்பான்."

அவள் சிரிக்கவில்லை. முத்திரைக்காக இருபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரு தாய் மகளின் பள்ளிச் சீருடைக்குக் கரி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் வாழைக்காய் தீய்ந்தது. அவள் சீருடையை விட்டு நகரவில்லை.

குத்தாமலே முத்திரையைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து படித்தாள். மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஊர் முழுக்கத் திட்டு வாங்கப்போகிறோம் என்று பயந்துகொண்டே பக்கம் திருப்பினாள். ஒரு திட்டுக்கூட இல்லை. அந்தத் தாயின் இருமல், தழும்பு விழுந்த இடது கை, எல்லாம் கபஹெண்டாவுடையதுதான், பதமாக எழுதியிருந்தது. ஆனால் கதையில் பால்காரருக்குச் செல்லப்பேர் உண்டு, குடிகாரச் சித்தப்பாவுக்கு உண்டு, ஒரே ஒரு வரி வந்துபோகும் பேருந்து நடத்துநருக்குக்கூட உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் அந்தத் தாயை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

துசீமே சுண்ணக்கட்டியோடு 'புதிய வரவு' பலகை முன்னால் நின்றான். உள்ளூர்க்காரர்கள் எழுதிய புத்தகமென்றால் அந்தப் பலகையில் செல்லப்பேரையும் சேர்த்து எழுதுவது இந்த நூலகத்து வழக்கம்.

"உங்க பொண்ணு எழுதுனதாச்சே அட்யேரி! பேர எப்படிப் போடட்டும்?"

"அகீகின்னு சேத்துப் போடு." ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வந்தது. வந்ததும் தைரியமும் வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் தொலைபேசி எண் இருந்தது. அழுத்தினாள்.

"ஹலோ?" அதே குரல்தான்.

"அகீகி, நான்தான். உன் புத்தகம் வந்திருக்கு. படிச்சேன். நான் செஞ்சது தப்பு, அகீகி."



"நல்லா இருக்கீங்களா, கபஹெண்டா?" என்றாள் மகள், மரியாதையாக.

கபஹெண்டா தலையை ஆட்டினாள். தொலைபேசியில் அது தெரியாது என்பது தொடர்பு அறுந்த பிறகுதான் உறைத்தது.

"என்ன சொன்னா?" பலகையிலிருந்து திரும்பி ஆவலாகக் கேட்டான் துசீமே.

அவள் இருபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து முத்திரையைக் குத்தினாள்.

"நலம் விசாரிச்சா."