ஷீட்டுக்காரரின் வேலைச் சட்டை

ஷீட்டுக்காரர் இப்போதெல்லாம் குளித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். அவர் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் ஒரு நாளும் சுத்தமாக வீடு திரும்பியதில்லை. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை போடுவதும், விரிசல் விட்ட பழசைக் கழற்றி இறக்குவதும் அவர் தொழில். மெஷினை வைத்து ஒரு ஷீட்டை அறுத்தால் போதும், மாவு மில்லில் புரண்டு எழுந்த மாதிரி ஆள் வெளுத்துப் போவார். புருவம் வெள்ளை, காது மடல் வெள்ளை. வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் குழாயடிக்குப் போவார். இரண்டு மாதமாக அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. காலையில் போட்டுக்கொண்டு போன சட்டையிலேயே, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல், ஈரத் தலையும் சோப்பு வாசனையுமாக வந்து நிற்கிறார்.

"வேலைச் சட்டை எங்கங்க?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"காண்டிராக்டர் யார்டுலயே வச்சுட்டேன். தினமும் எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?"

"அப்ப யாரு துவைக்கிறா?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தாகமே இல்லாத மனிதர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

அவள் தையல்காரி. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். யார் சாப்பிட்ட கையை எங்கே துடைக்கிறார்கள், யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது, யார் புருஷன் பையில் தீப்பெட்டி வைத்திருக்கிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரார் சட்டையெல்லாம் மடியில் வந்து விழ, சொந்தப் புருஷன் சட்டை மட்டும் கண்ணில் படவில்லை என்றால் பற்றிக்கொண்டு வராதா? வந்தது. போதாக்குறைக்கு, சாப்பாட்டுப் பையை வாங்க ஓடிவரும் மகளை "தொடாத, தள்ளிப் போ" என்று அதட்ட வேறு செய்கிறார். பத்து வயசுப் பிள்ளைக்கு முகம் சுருங்கிப் போகிறது.

அக்காவுக்குப் போன் போட்டது அவள் செய்த தப்பு. அக்கா புருஷன் ஒரு தடவை தடம் மாறிப் போய்த் திரும்பியவர். அன்றிலிருந்து அந்த விஷயத்தில் அக்கா கரை கண்டவள்.

"குளிச்சிட்டா வர்றாரு?" என்றாள் அக்கா. "அடி அசடே, கூரை வேலைக்குப் போறவன் எவன்டி சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வர்றான்? சட்டையைத் துவைக்கிறவ யாருன்னு மொதல்ல பாரு. மத்ததெல்லாம் தானா வெளிய வரும்."

போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வந்தது, மனசு வரவில்லை. அவர்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அவரை இன்னொருத்தியிடம் விட்டுக்கொடுத்துவிட்டு அவளால் இருக்க முடியாது. ஒரு மத்தியானம் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு யார்டுக்கே கிளம்பிவிட்டாள்.

காண்டிராக்டரின் யார்டில் சாப்பாட்டு நேரம், முன்பக்கம் ஒருவருமில்லை. புது ஷீட்டுகள் ஒரு பக்கம் அடுக்கி இருந்தன, கழற்றிய பழசுகள் தார்ப்பாய்க்குள் கிடந்தன. பின்னால் ஒரு குளியல் மறைப்பு. வளையல் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. மறைப்புக்குப் பக்கத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம். திறந்தால், உள்ளே ஒரு பையில் இறுகக் கட்டி, சாப்பிடப் போகும்போது கழற்றிய அவருடைய நீலச் சட்டை. கட்டி ஒளித்து வைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? முடிச்சை அவிழ்த்தாள். காலரை மோந்து பார்த்தாள். வியர்வையும் சிமெண்டும்தான். நீள முடி ஏதாவது ஒட்டியிருந்தால் விழட்டும் என்று தோள்பட்டை இரண்டையும் பிடித்து நன்றாக உதறினாள். வெயிலில் வெள்ளையாகத் தூசி கிளம்பியது.

"உதறாத!"

ஷீட்டுக்காரர் ஓடி வந்தார். சட்டையைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டு, அவளை முழங்கையைப் பிடித்துத் தூரமாக இழுத்துக்கொண்டு போனார். அப்படி அவர் அவளைப் பிடித்து இழுத்ததே இல்லை.

வந்தது வந்தாயிற்று, கேட்டுவிட வேண்டியதுதான். "யாருங்க அவ?"

"எவ?"

"உங்க சட்டையைத் துவைக்கிறவ."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "நான்தான் துவைக்கிறேன்," என்றார்.

பிறகு சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய ஆலைக் கூரையைப் பிரிக்கப் போன இடத்தில், அங்கிருந்த இன்ஜினியர் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்திருக்கிறார். ஷீட்டை நனைத்துத்தான் கழற்ற வேண்டும் என்றிருக்கிறார். அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறதாம். நெஞ்சுக்குள் போனால் தங்கிவிடுமாம். வியாதி தலைகாட்ட இருபது முப்பது வருஷம்கூட ஆகுமாம்.

"வேலை செய்யிறவனுக்கு மட்டும் இல்லையாம். அவன் துணியைத் துவைக்கிற வீட்டு ஆளுங்களுக்கும் வந்திருக்காம். கூட இருந்தவனுங்க சிரிச்சானுங்க. என்னால சிரிக்க முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? இத்தனை வருஷமா உன் கையிலதான கழட்டிக் குடுத்தேன்."

வேறொருத்தி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. அக்காவை என்ன சொல்லித் திட்டலாம் என்றுகூட யோசித்தாள். அப்போதுதான் அவர் கேட்டார்.

"அப்பல்லாம் சட்டையை உதறினது நீதான? பாப்பா பக்கத்துல இருந்திருக்க மாட்டால்ல?"

தையல் மெஷினில் குனிந்து குனிந்து அவளுக்குத் தோள்வலி வந்து வருஷக்கணக்காகிறது. அன்றிலிருந்து அப்பா சட்டையை உதறி வந்தது மகள்தான். வாசல்படியில் நின்று, காலரை இரண்டு கையாலும் பிடித்து, "புகை பாரும்மா" என்று சிரிக்கச் சிரிக்க உதறுவாள். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பின்பக்கம் குழாயடியில் இருந்த அவர் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

அவர் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் இப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே கிடையாது.

"நான்தாங்க உதறுவேன்," என்றாள். "அவ உள்ள வீட்டுப்பாடம் எழுதிட்டிருப்பா."

அவர் பெருமூச்சு விட்டு, கவிழ்த்து வைத்த இன்னொரு வாளியின் மேல் உட்கார்ந்தார். "அது போதும்," என்றார்.

அவள் தலையாட்டினாள். பிள்ளையை நாளைக்கு எந்த டாக்டரிடம் காட்டுவது, எங்கே போனாய் என்று இவர் கேட்டால் என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.