காற்றுக்குழாயைச் சுற்றிய தழும்பு

டாக்டர்கள் குழு கூடி எவோதியோவின் நோய்க்குப் பெயர் வைக்க இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது.

திசுக்களைச் சோதிக்கும் டாக்டர் நெரெய்தா கண்ணாடிச் சிலைடை மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான எவோதியோவின் நுரையீரல் துண்டு. ஓரம் முழுக்கத் தழும்பேறி, தேன்கூடு போல ஓட்டைகள். அதைப் பார்த்ததுமே மூத்த டாக்டர் உகால்டே, "காரணம் தெரியாத நோய்னு எழுதிடு," என்றுவிட்டார். அப்படி எழுதினால் நோயாளியிடமிருந்து விலக்கி வைக்க எதுவும் இருக்காது. நுரையீரல் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் உள்ளே, சின்னக் காற்றுக்குழாய்களைச் சுற்றியும் தழும்பு இருந்தது. ஒரு குழாயின் பக்கத்தில் சில செல்கள் தளர்வாகக் கூடி நின்றன, நடுவில் ஒரு ராட்சத செல். மூச்சோடு உள்ளே போன எதனோடோ மல்லுக்கட்டிய தடம். மெக்சிகோ நகரத்தில் இதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, வீட்டில் வளர்ப்பது புறாவா கிளியா என்றுதான். பறவைத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்தே நுரையீரல் இப்படி ஆவதுண்டு.

"மூணு தடவை கேட்டாச்சு. வீட்டுல ஒரு குருவிகூட கிடையாதாம்," என்றார் உகால்டே. "உனக்கு எதைப் பார்த்தாலும் பறவைதான்."

நெரெய்தாவுக்கு நோயாளிகளிடம் பேச வராது. கண்ணாடித் துண்டுகளோடு இருப்பதே அவளுக்குச் சுகம். இருந்தும் வார்டுக்குப் படியேறினாள். கைபேசியில் இருந்த சிலைடின் படத்தை நீட்டினாள்.

"இளஞ்சிவப்பா நல்லாத்தான் இருக்கு," என்றார் எவோதியோ.

"எதையோ சுவாசிச்சிருக்கீங்க, ஐயா. அது என்னன்னு தெரிஞ்சா நிறுத்திடலாம். மிச்ச நுரையீரலைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பக்கத்தில் மனைவி கிறிஸ்பினா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர் பன்னண்டு, மாதா திருவிழாவுல நான் ஆடக்கூடாதுன்னு சொல்லுவீங்களா, டாக்டரம்மா? மாதாவுக்கு நாப்பது வருஷ நேர்த்தி."

"ஆடுறாராம்," என்றாள் கிறிஸ்பினா. "மாடிப்படிக்கே நாலு தடவை நிக்கிறாரு."

நெரெய்தா யோசித்தாள். "சிலைடுல ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் இல்லைங்க, ஐயா."

கிறிஸ்பினா சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே இருமல். அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் கிறிஸ்பினா.

எவோதியோ அவளிடமிருந்து ஆரஞ்சுச் சுளையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பறவை இல்ல, டாக்டரம்மா. இறகு. ஆட்டக் கிரீடத்துக்கு ஃபெசன்ட் கோழியோட வால் இறகு, நூத்தியெண்பது. என் தலைமாட்டுலதான் தொங்குது. தினம் உதறித் துடைக்கிறது நான்தான்."