சராசரி ஐம்பது

லாரி டிரைவராக இருந்த அண்ணனை வேலையைவிட்டுத் தூக்கிய சூப்பர்வைசரைத் தங்கை சும்மா விடுவதாக இல்லை. அதே லாரி ஆபீசில்தான் அவளும் கிளார்க். தினமும் அந்த மூஞ்சியில்தான் விழிக்க வேண்டும்.

குடோனுக்கு நூற்றிருபது கிலோமீட்டர். லோடோடு போகும்போது மணிக்கு நாற்பது, காலியாகத் திரும்பும்போது அறுபது. அதற்கு மேல் மிதித்தால் சீட்டுக் கிழியும். சூப்பர்வைசரே போட்ட சட்டம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி ஐம்பது, ஆக ஓட்டும் நேரம் மொத்தம் நாலு மணி நாற்பத்தெட்டு நிமிடம் என்று அந்த மேதாவி கணக்குப் போட்டார். அண்ணனுக்கு ஐந்து மணி ஆனது. "தினம் பன்னெண்டு நிமிஷம் எங்கயோ நிறுத்தித் தூங்குறான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லித் துரத்திவிட்டார். அடப்பாவி, போக மூன்று மணி, வர இரண்டு மணி, கூட்டினால் ஐந்துதானே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

இதை அவள் நேராகச் சொல்லியிருந்தால், "ஓ, அப்படியா" என்று கழன்றுகொண்டிருப்பார். அவள் வயிற்றெரிச்சலுக்கு அது போதாது. முதலாளியிடம் பவ்வியமாகப் போய் நின்றாள்.

"சாரே ஒருநாள் ஓட்டிக் காட்டட்டுமே. டிரைவருங்க கத்துக்குவாங்க."

சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். சொல்லிவைத்தாற்போல் நாலு நாற்பத்தெட்டில் முடித்துவிட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"போகும்போது நாற்பதைத் தாண்டலையே சார்?" என்று கேட்டாள்.

"ஒரு பொட்டுகூடத் தாண்டல."

அவள் முதலாளி மேஜையில் பேப்பரை வைத்தாள். "திரும்பின வேகம் எக்ஸ். போக மூணு மணி கழிச்சா மிச்சம் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிஷம், அதாவது ஒண்ணு புள்ளி எட்டு மணி. நூத்தியிருபதை அதால வகுத்தா எக்ஸ் அறுபத்தாறைத் தாண்டுது."

 சூப்பர்வைசர் போகும்போது மிதித்தேன் என்றாலும் மாட்டுவார், வரும்போது மிதித்தேன் என்றாலும் மாட்டுவார். முதலாளி பேப்பரை இரண்டு முறை பார்த்தார்.

"வண்டிச் சாவிய வெச்சிட்டுக் கிளம்புங்க. ஏம்மா, உங்கண்ணனை நாளைக்கு வரச் சொல்லு."

வாசலில் அவள் ஸ்கூட்டரை எடுக்கும்போது சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி வந்தார். ஆபீஸ் கார் இனி அவருக்கில்லை.

"வீட்டுப் பக்கமா இறக்கிவிட்டுடும்மா."

அவளுக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.

"உங்க வீடு நாலு கிலோமீட்டர் சார். மணிக்கு அஞ்சு வேகத்துல நடந்தா நாற்பத்தெட்டு நிமிஷம்" என்று வண்டியைக் கிளப்பினாள். "எங்கயும் நின்னு தூங்கிடாதீங்க."