இரண்டு தடவை கூப்பிட்டவர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கதை சொல்கிறேன். சிரிக்க இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பாதியில் எழுந்து போகாமல் கேட்டால் போதும்.

அவர் பார்க்கப் போகும் மனநல ஆலோசகர் ஒரு பெண். அவள் அறை நாலாவது மாடியில். மெக்கானிக் புதன்கிழமைதோறும் மூச்சிரைக்கப் படியேறித்தான் வருவார். "லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்ட்ல ஏற மாட்டேங்கிறாரு, நாங்க எந்தத் தைரியத்துல ஏறுறது?" என்று வாட்ச்மேன் கேலி பண்ணுவார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் வேறொரு கட்டடத்தில், மெக்கானிக்கின் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி, லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இவர் மேலே மோட்டார் அறையில். மூன்று தடவை கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் வழக்கம். அன்றைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் வரவில்லை. டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார். மைத்துனன் குழிக்குள்ளேதான் இருந்தான், பிழைக்கவில்லை.

இதை முதல் நாள் ஒரே மூச்சில் ஆலோசகரிடம் சொல்லிவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளும் தோண்டவில்லை. அவள் நாற்காலிகளை எதிரெதிரே போடமாட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பாள். நடுவில் ஒரு நோட்டு. எழுந்திருக்கும்போது ஆளுக்கொரு வரி எழுத வேண்டும். "உங்க மனசு எனக்கு உங்கள விட நல்லாத் தெரியும்னு சொல்ல மாட்டேண்ணா. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்பாள். அவர் எழுதியதெல்லாம் 'மழை', 'கால் வலி', 'ஒன்றுமில்லை'.

ஏழாவது வாரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. பேனாவை மெல்ல வாங்கி, அவர் எழுத வேண்டிய இடத்தில் தானே எழுதினாள்: 'என் மேல் தப்பில்லை.'

அவர் படித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று புதன்கிழமை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

நாலாவது புதன் வந்தார். சட்டை தொளதொளத்துத் தொங்கியது.

"நான் அத எழுதியிருக்கக் கூடாதுண்ணா," என்றாள்.

"வீட்டுல அவளும் அதத்தான் மேடம் சொல்றா. எம் முன்னால தட்டு வைக்கிறப்பல்லாம் சொல்றா. சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறா." ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிட்டது ரெண்டு தடவதான். அத ஒத்துக்கிட்டு எம்பக்கத்துல உக்கார இந்த ஒரு எடம்தான் இருந்துச்சு. நீங்களும் அழிச்சிட்டீங்களே."

அவள் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'இரண்டு தடவைதான் கூப்பிட்டேன்.'

அவளும் தன் வரியை எழுதினாள்: 'ஆமாம். இரண்டு தடவைதான்.'

அவர் அதைத் தடவிப் பார்த்தார். முகத்தில் தெளிவு வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை.

"இதோட எப்படி இருக்கிறதுன்னு எனக்கும் தெரியலண்ணா. அடுத்த புதன் வாங்க, கூட உக்காந்திருக்கேன்."

அவர் எழுந்து போனார். செருப்புச் சத்தம் படியிறங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மாடி வந்திருக்கும். சத்தம் நின்றது. மறுபடி கேட்கும் என்று காத்தாள். கேட்கவில்லை.

வாசலுக்கு ஓடிக் கைப்பிடிச் சுவரில் குனிந்தாள். ஆள் தெரியவில்லை, கீழே கீழே இருட்டிக்கொண்டு போகும் படிகள் மட்டும்.

"அண்ணா!"

குரல் இறங்கிப் போயிற்று.

"அண்ணா!"

ஒரு சத்தமும் இல்லை. சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் தடவை கூப்பிட மூச்சை இழுத்தாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து பதில் வரட்டும்.